அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: ஸ்டேடியத்தில் கூட்டம் குறைந்ததற்கு யார் பொறுப்பு?

முகுந்தன்:
இங்கே பாதிப் பேர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள். சனிக்கிழமை ஃபுட்பால் (கால்பந்து இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்) என்றால் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை, அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். முதல் தரப் பிரிவான எஃப்பிஎஸ்ஸில் 2008-ல் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 46,000 பேருக்கு மேல் வந்தார்கள். 2018-ல் அது 42,000-க்கும் கீழே போய்விட்டது. கோவிட்டுக்குப் பிறகு கொஞ்சம் மீண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லோரும் சொல்லும் காரணம், வீட்டில் பெரிய டிவி வந்துவிட்டது, ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள் என்பது. நான் இதை ஏற்கவில்லை. ரசிகர்கள் தாமாகப் போகவில்லை, பல்கலைக்கழகங்கள்தான் அவர்களை வெளியே அனுப்பின. ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதை டிவி நிறுவனம் 12 நாளுக்கு முன்னால், சில வாரம் 6 நாளுக்கு முன்னால்தான் சொல்கிறது. நான்கு மணி நேரம் கார் ஓட்டி வருகிறவர், சின்னக் குழந்தை வைத்திருக்கிறவர், எப்படித் திட்டம் போடுவார்? காலை 11 மணி ஆட்டம் என்றால் விடியும் முன்னே கிளம்ப வேண்டும். இரவு 8 மணி ஆட்டம் என்றால் வீடு திரும்ப விடிந்துவிடும்.

உள்ளே போனபிறகாவது நிம்மதி உண்டா? களத்தின் ஓரத்தில் சிவப்புத் தொப்பி போட்ட ஒருவர் நிற்பார், பார்த்திருப்பீர்கள். டிவியில் விளம்பரம் முடிந்தது என்று அவர் சைகை காட்டும்வரை ரெஃப்ரி விசில் ஊத மாட்டார். இரண்டு அணியும் இடுப்பில் கை வைத்து நிற்கும். பேண்ட் ஒரு பாட்டை வாசித்து முடித்து இன்னொன்றைத் தொடங்கும். டச்டவுன் அடித்துப் புள்ளி எடுத்தால் விளம்பரம், ஆட்டத்தை மறுபடி தொடங்கும் கிக்ஆஃப் முடிந்ததும் இன்னொரு விளம்பரம். காசு கொடுத்து உள்ளே வந்தவர் வெயிலில் காத்திருக்கிறார், யாருக்காக?

திருநாவு:
முகுந்தன், கோபம் புரிகிறது. ஆனால் அந்தச் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். 2008-க்கும் 2018-க்கும் இடையில் எஃப்பிஎஸ்ஸுக்குள் சுமார் பத்துப் பள்ளிகள், அதாவது பல்கலைக்கழகங்கள், புதிதாக வந்தன. ஓல்ட் டொமினியன், ஜார்ஜியா ஸ்டேட், சார்லட், டெக்சஸ் ஸ்டேட், கோஸ்டல் கரோலினா மாதிரி. இவர்களில் பலருடைய ஸ்டேடியமே 20,000, 30,000 பேருக்குத்தான். பத்துச் சின்னக் கடை திறந்தால் ஊரின் சராசரி வியாபாரம் குறைந்த மாதிரித்தான் தெரியும், பெரிய கடைக்கு நஷ்டம் என்று அர்த்தமில்லை.

பெரிய பள்ளிகளைப் பாருங்கள். மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1975-லிருந்து, கோவிட் வருடம் தவிர, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு லட்சத்துக்கு மேல்தான் கணக்கு. நெப்ராஸ்கா 1962 நவம்பரிலிருந்து எல்லா ஆட்டமும் ஹவுஸ்ஃபுல். இத்தனைக்கும் 2017-லிருந்து 2023 வரை ஒரு சீசனில்கூட அவர்கள் ஜெயித்த ஆட்டங்கள் தோற்றவற்றை விட அதிகம் இல்லை. டிவி ரசிகரை விரட்டியது என்றால் இவர்களை ஏன் விரட்டவில்லை?

கயல்விழி:
திருநாவு அண்ணா, நீங்கள் சொன்ன மிச்சிகனிலேயே 2014-ல் நடந்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். மாணவர்களுக்கான சீசன் டிக்கெட்டை 295 டாலர் வரைக்கும் ஏற்றிவிட்டார்கள், அணியோ அந்த வருடம் 5 வெற்றி, 7 தோல்வி. மாணவர் பகுதி கண்ணெதிரே காலியானது. இரண்டு கோக் வாங்கினால் ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் என்று அறிவிக்கும் நிலை வந்தது. மாணவர்கள் ஊர்வலமே போனார்கள், அக்டோபர் கடைசியில் விளையாட்டுத் துறை இயக்குநர் பதவி விலகினார். அடுத்த வருடம் விலை 175 டாலர். அந்தச் சமயத்திலும் கணக்கில் மட்டும் ஒரு லட்சம் குறையவே இல்லை. அப்படியென்றால் அந்தக் கணக்கு எதைச் சொல்கிறது?

அறிவிக்கிற எண் வேறு, கேட்டில் ஸ்கேன் ஆகிற எண் வேறு. 2017 சீசனுக்கான ஸ்கேன் விவரங்களை வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பல பள்ளிகளிடம் கேட்டு வாங்கிப் பார்த்தது. அறிவித்த கூட்டத்தில் உண்மையில் உள்ளே வந்தவர்கள் சராசரியாக 71 சதவீதம். நெப்ராஸ்கா சாதனையும் அப்படித்தான். 2021-ல் மிஞ்சிய டிக்கெட்டை நன்கொடையாளர்கள் வாங்கி வசதியில்லாத குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். நல்ல காரியம். ஆனால் அதை வைத்து “எதுவும் குறையவில்லை” என்று சொல்ல முடியாது.

திருநாவு:
> அறிவிக்கிற எண் வேறு, ஸ்கேன் ஆகிற எண் வேறு

சரி, ஆனால் 1990-களில் ஸ்கேனரே இல்லை. அப்போதும் விற்ற டிக்கெட்டைத்தான் எண்ணினார்கள், பாஸில் வந்தவர், பேண்டில் வாசித்தவர் எல்லோரையும் சேர்த்தார்கள். அப்போது எத்தனை இருக்கை காலி என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இன்றைய ஸ்கேன் எண்ணை அன்றைய விற்பனை எண்ணோடு ஒப்பிட்டு வீழ்ச்சி என்று சொல்வது நியாயமில்லை.

அப்புறம் இன்னொன்று. இருக்கைகள்தான் அளவுக்கு மீறிப் போய்விட்டன. ஸ்டான்ஃபோர்ட் 85,000 பேர் உட்காரும் பழைய ஸ்டேடியத்தை இடித்து 2006-ல் 50,000 பேருக்குக் கட்டியது. நார்த்வெஸ்டர்ன் 47,000-லிருந்து 35,000-க்கு இறங்குகிறது. அது தோல்வி இல்லை, நிதானம். நிழல், நல்ல இருக்கை, சுத்தமான கழிப்பறை, வேலை செய்யும் செல்போன் சிக்னல் இதெல்லாம் வேண்டும் என்றால் எண்ணிக்கை குறையத்தான் செய்யும்.

ராசேந்திரன்:
நான் 80-களில் இந்த நாட்டுக்கு வந்தவன். பழைய கதை கொஞ்சம் சொல்லலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்தச் சண்டை புதிதல்ல.

டிவி வந்தால் மைதானம் காலியாகும் என்ற பயம் 1950-லேயே கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏவுக்கு இருந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 1940 முதல் தன் சொந்த மைதானத்து ஆட்டங்களை எல்லாம் டிவியில் காட்டிக்கொண்டிருந்தது. என்சிஏஏ ஆய்வு நடத்தி, டிவி கூட்டத்தைக் குறைக்கிறது என்று முடிவு செய்து, 1951 முதல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வாரத்துக்கு எத்தனை ஆட்டம், ஒரு பள்ளி எத்தனை முறை திரையில் வரலாம் என்பதெல்லாம் அவர்கள் கையில். முப்பது வருடம் இப்படியே ஓடியது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டு, 1984-ல் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது. எதிர்த்து எழுதியவர் நீதிபதி பைரன் வைட். இளமையில் கொலராடோ அணியின் நட்சத்திர ஆட்டக்காரர் அவர். கல்லூரி விளையாட்டை வெறும் வணிகமாகப் பார்க்கக் கூடாது என்பது அவருடைய வாதம்.

கேபிள் பரவிய பிறகும் 2008 வரை கூட்டம் ஏறிக்கொண்டேதான் வந்தது. அதனால் டிவி மட்டும்தான் காரணம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தத் தீர்ப்புக்குப் பிறகு முதலாளி மாறிவிட்டார். பிக் டென் கான்ஃபரன்ஸ் (பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஆடும் லீக்குகளில் ஒன்று) டிவி நிறுவனங்களோடு 2022-ல் போட்ட ஒப்பந்தம் ஏழு வருடத்துக்கு 700 கோடி டாலருக்கு மேல் என்றார்கள். அந்தப் பணம் கொடுப்பவர் சொல்வதைக் கேட்பார்களா, மேல்வரிசையில் உட்காரும் என்னைக் கேட்பார்களா?

முகுந்தன்:
ஐயா, சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அந்தப் பணத்துக்காகத்தான் பழைய பகைகளையும் விற்றார்கள். டெக்சஸும் டெக்சஸ் ஏ அண்ட் எம்மும் 2011-க்குப் பிறகு 2024 வரை மோதவே இல்லை. 2024-ல் லாஸ் ஏஞ்சலிஸில் இருக்கும் யூசிஎல்ஏ போன்ற பசிபிக் கரைப் பள்ளிகள் பிக் டென்னுக்குப் போயின. அந்த அக்டோபரில் யூசிஎல்ஏ நாட்டின் அந்தக் கோடியில் இருக்கும் நியூ ஜெர்சிக்குப் போய் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தோடு ஆடியது. இந்த இரண்டு ஊருக்கும் என்ன பகை, என்ன கதை? பக்கத்து மாநிலத்துக்காரன் கார் ஓட்டிக்கொண்டு வருவான், பாதி ஸ்டேடியம் அவன் நிறம், பாதி நம் நிறம். அந்தச் சத்தம்தான் டிக்கெட்டை விற்றது.

என் சொந்த அனுபவமும் ஒன்று. நான் படித்த பள்ளியில் வருடக்கணக்காக சீசன் டிக்கெட் எடுத்தேன், மனைவிக்கும் எனக்கும் நாற்பது கெஜக் கோட்டுக்கு நேராக. ஒரு வருடம் கடிதம் வந்தது: அதே இருக்கை வேண்டுமென்றால் டிக்கெட் விலைக்கு மேல் ஆளுக்கு இவ்வளவு நன்கொடை. முன்பெல்லாம் அந்த நன்கொடையில் 80 சதவீதத்தை வரிக்கணக்கில் கழிக்கலாம். 2017 வரிச் சட்டம் அதையும் நிறுத்திவிட்டது. விட்டுவிட்டேன். எங்களுக்கு முன்வரிசையில் இருந்த ஒரு வயதான தம்பதியும் விட்டுவிட்டார்கள். அவர்களோடு இலையுதிர்கால சனிக்கிழமைகளில் சேர்ந்து சாப்பிட்டவன் நான். அவர்கள் சோம்பேறிகள் இல்லை, திருநாவு.

திருநாவு:
அந்தத் தம்பதியைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்லவில்லை. ஆனால் நன்கொடை கேட்டார்கள் என்றால் அந்த இருக்கையை வேறொருவர் அந்த விலைக்கு வாங்கத் தயாராக இருந்தார் என்றுதான் பொருள். கூட்டம் குறைந்ததற்கு அது எப்படிச் சான்றாகும்?

கயல்விழி:
வாங்கியவர் வருகிறாரா என்பதுதான் கேள்வி, அண்ணா. நிறுவனங்கள் வாங்கும் டிக்கெட் வாடிக்கையாளர் கைக்குப் போகும். அவர் பெரிய ஆட்டத்துக்கு மட்டும் வருவார். செப்டம்பரில் பணம் கொடுத்து வரவழைக்கும் சின்ன அணியோடு ஆட்டம் என்றால் மறுவிற்பனையில் அஞ்சு டாலருக்குக்கூட ஆள் கிடைக்காது.

மாணவர்கள் பக்கத்தையும் சொல்கிறேன், நான் இப்போது அவர்களுக்குத்தான் லேப் எடுக்கிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டால் எல்லோருமே டெயில்கேட் போகிறோம் என்பார்கள். ஸ்டேடியத்துக்குள் போவீர்களா என்றால் இழுப்பார்கள். காலை எட்டு மணிக்கே கார் நிறுத்துமிடத்தில் அடுப்பு மூட்டி, பாட்டுப் போட்டு, நண்பர்களோடு இருக்கிறார்கள். உள்ளே போனால் பை கூடாது, தண்ணீர் பாட்டில் கூடாது, நிழல் கிடையாது, மூன்றரை மணி நேரம். முதல் பாதியிலேயே 35-0 என்றால் யார் இருப்பார்கள்? நிறையப் பேருக்கு சனிக்கிழமை ராத்திரி ஷிஃப்ட் வேலை. அலபாமாவில் அப்போதைய பயிற்சியாளர் நிக் சேபன், மாணவர்கள் பாதியில் கிளம்புகிறார்கள் என்று வெளிப்படையாகவே வருத்தப்பட்டார். 2019-ல் அங்கே ஒரு ஆப் கொண்டுவந்தார்கள். மாணவர் ஸ்டேடியத்தில் இருக்கிறாரா என்று போனை வைத்துப் பார்க்கும். ஆட்டத்துக்கு வந்தால் 100 புள்ளி, கடைசியான நான்காவது குவார்ட்டர் வரை இருந்தால் இன்னும் 250. அந்தப் புள்ளி இருந்தால் பெரிய ஆட்டத்துக்கு டிக்கெட்டில் முன்னுரிமை. நாட்டிலேயே சிறந்த அணி வைத்திருந்தவர்களுக்கே இந்த நிலை. கண்காணித்து உட்கார வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ராசேந்திரன்:
ஜெயித்தால் கூட்டம் வரும் என்பதற்கும் அதுவே பதில். தோற்கும் நெப்ராஸ்காவில் இருக்கிறார்கள், ஜெயிக்கும் அலபாமாவில் கிளம்பிப் போகிறார்கள். நெப்ராஸ்காவில் பெரிய தொழில்முறை லீக்குகளின் அணி ஒன்றுகூட இல்லை, மாநிலத்துக்கே அந்த அணிதான். லாஸ் ஏஞ்சலிஸில் அப்படியா? யூசிஎல்ஏ 2022 செப்டம்பரில் பவுலிங் கிரீன் பல்கலைக்கழகத்தோடு ஆடியபோது அவர்கள் ஆடும் ரோஸ் பவுல் ஸ்டேடியத்தில் 27,143 பேர். 1982-ல் அங்கே குடிபோன நாளிலிருந்து அவ்வளவு குறைந்ததில்லை.

திருநாவு:
அந்த எண்ணை எல்லோரும் எடுத்துப் போடுகிறார்கள். அன்றைக்குக் கொளுத்தும் வெயில். யூசிஎல்ஏவில் வகுப்பு தொடங்குவது செப்டம்பர் கடைசியில், அதனால் மாணவர்கள் ஊரிலேயே இல்லை. போதாததற்கு ஸ்டேடியம் வளாகத்திலிருந்து 40 கிலோமீட்டருக்கும் மேல், அதுவும் லாஸ் ஏஞ்சலிஸ் டிராஃபிக்கில். அங்கே டிவியின் பேராசை எங்கே வந்தது?

நல்ல ஆட்டம் வைத்தால் ஜனங்கள் வருகிறார்கள். 2024 டிசம்பரில் முதல்முறையாக, சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் ஆட்டங்கள் பல்கலைக்கழக வளாகங்களில் நடந்தன. சவுத் பெண்ட், ஸ்டேட் காலேஜ், ஆஸ்டின், கொலம்பஸ் நான்கு ஊரிலும் திருவிழாக் கூட்டம். இரண்டு இடங்களில் ராத்திரி ஆட்டம், நடுங்கும் குளிர். டிக்கெட்டும் மலிவில்லை. அந்தப் பிளேஆஃபை நடத்துவதும் நீங்கள் திட்டுகிற அதே டிவி பணம்தான். 2026 முதல் தென்கிழக்குப் பல்கலைக்கழகங்களின் கான்ஃபரன்ஸான எஸ்இசி தனக்குள்ளேயே ஒன்பது ஆட்டம் ஆடப்போகிறது. சின்ன அணியோடு ஒப்புக்கு ஆடுவது ஒன்று குறையும். அதை விரும்புவதும் டிவிதான், ரசிகருக்கும் அதுவே லாபம்.

முகுந்தன்:
பிளேஆஃப் உதாரணம் என் பக்கம்தான் சேரும். எப்போது ஆட்டம், யாரோடு ஆட்டம், தோற்றால் என்ன போகும் என்று தெரிந்தால் குளிரிலும் வருகிறார்கள். அதைச் சாதாரண சனிக்கிழமைக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வாதத்தைச் சுருக்குகிறேன், திருநாவு. மூன்று விஷயம் கேட்கிறேன், ஒவ்வொன்றுக்கும் உங்கள் பதில் வேண்டும். ஒன்று, சொந்த மைதானத்து ஆட்டங்களில் பாதிக்காவது நேரத்தை ஆகஸ்ட்டுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். இரண்டு, ஸ்கேன் எண்ணைத்தான் அதிகாரபூர்வக் கூட்டமாக வெளியிட வேண்டும். மூன்று, மாணவர் பகுதியின் விலைக்கு உச்சவரம்பு வேண்டும், அதில் விழும் துண்டை டிவி பணத்திலிருந்து ஈடுகட்ட வேண்டும்.

திருநாவு:
இரண்டாவதுக்கு முழுச் சம்மதம். பொதுப் பல்கலைக்கழகம் பொது எண்ணைச் சொல்வதில் என்ன தயக்கம்? முதலாவதும் பாதி நடந்துகொண்டிருக்கிறது, சீசன் தொடக்கத்து ஆட்டங்களின் நேரத்தைக் கோடையிலேயே சொல்லிவிடுகிறார்கள். நவம்பர் ஆட்டங்களுக்கு அது முடியாது. எந்த அணி மேலே வரும் என்று ஆகஸ்ட்டில் யாருக்குத் தெரியும்?

மூன்றாவதுக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். வீரர்கள் தொடுத்த வழக்கில் 2025-ல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு ஒரு பள்ளி வருடத்துக்கு 2 கோடி டாலருக்கு மேல் வீரர்களுக்கே நேரடியாகப் பங்கு கொடுக்கலாம். அந்தப் பணம் பல வருடங்களுக்கு முன்பே அவர்கள் கைக்குப் போயிருக்க வேண்டியது, அதில் கை வைக்கச் சொல்லாதீர்கள். அடிபடுவது அவர்கள் முழங்கால். டிக்கெட் விலையைக் குறைக்க வேண்டும் என்றால் பயிற்சியாளர்களின் சம்பளத்திலிருந்தும், வேலையை விட்டு அனுப்பும்போது அவர்களுக்குக் கொடுக்கும் கோடிகளிலிருந்தும் எடுக்கச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

கயல்விழி:
அந்தக் கடைசி வரிக்கு நானும் கையெழுத்துப் போடுகிறேன். கூடவே மாணவர் பகுதிக்குக் குடிதண்ணீர்க் குழாயும் நிழலும் கேட்போம். அதற்கு டிவி நிறுவனத்திடம் அனுமதி வாங்க வேண்டியதில்லை.