பெசன்ட் நகர் – மெரினா ஞாயிறு ஓட்டம்: 12 கி.மீ. தாண்டினதும் வேகம் விழுது, வலது முட்டியில் வலி

அடையாறுக்கரை

ஜனவரி சென்னை மாரத்தானில் 21.1 கி.மீ. ஓடலாம்னு இருக்கேன். இப்போ 10 கி.மீ. ஓட 62 நிமிஷம் ஆகுது. வாரத்துக்கு 25 கி.மீ.: செவ்வாய், வியாழன், சனி தலா 3, ஞாயிறு 16. ஞாயிறு ரூட்: எலியட்ஸ் பீச்ல 5:45க்குக் கிளம்பி பெசன்ட் அவென்யூ, திரு.வி.க. பாலம், சாந்தோம் வழியா கலங்கரை விளக்கம் கிட்டப் போய்த் திரும்புறது. வேகம் கி.மீ.க்கு 6:30 (6 நிமிஷம் 30 விநாடி). வண்டிகளைப் பார்த்தபடி ரோட்டோட வலது ஓரத்துலயே ஓட்டம், போகும்போதும் வரும்போதும்.

12 கி.மீ. வரைக்கும் பிரச்சினை இல்ல. அப்புறம் 7:40, 8:00னு இறங்கிடுது. வலது முட்டியோட வெளிப்பக்கத்துல 9, 10 கி.மீ. வாக்குல வலி ஆரம்பிக்குது. நடந்தா போயிடுது, படி இறங்கும்போது திரும்ப வருது. வழியில அரை லிட்டர் தண்ணி, முடிச்சதும் இளநீர். ரூட்டை மாத்தணுமா, தூரத்தைக் கூட்டணுமா?

மெதுவோட்டம்

உங்க கணக்கையே பாருங்க. 25ல 16 ஞாயிறு ஒரே நாள்ல. மத்த மூணு நாளும் சேர்த்து 9 தான். 3 கி.மீ. ஓடினா உடம்பு சூடேறுறதுக்குள்ள ஓட்டம் முடிஞ்சிடும். தாங்குதிறன் வார நாள்கள்லதான் சேரணும், உங்களுக்கு அங்கதான் ஒண்ணும் சேரல.

அடுத்தது வேகம். 10 கி.மீ.யை 62 நிமிஷத்துல ஓடுறவருக்கு அரை மாரத்தான் (21.1 கி.மீ.) சுமார் 2 மணி 17 நிமிஷம் வரும், அதாவது கி.மீ.க்கு 6:29. நீங்க ஒவ்வொரு ஞாயிறும் ஓடுறது போட்டி நாள் வேகம்! அதுவும் இந்தப் புழுக்கத்துல. 12 கி.மீ.ல விழாம இருந்தாத்தான் ஆச்சரியம். நீண்ட ஓட்டத்துக்கு 7:20 முதல் 7:50 போதும். பக்கத்துல ஓடுறவர்கிட்ட முழு வாக்கியமா மூச்சு வாங்காமப் பேச முடியணும், அதுதான் அளவு. வாட்ச் காட்டுற வேகத்தை முதல் 5 கி.மீ.க்குப் பார்க்கவே வேணாம்.

வாரத்தை இப்படி மாத்துங்க: செவ்வாய் 6, வியாழன் 6, சனி 4, ஞாயிறு 12. மொத்தம் 28, இப்போ ஓடுறதை விட 3 தான் கூட. முதல்ல செவ்வாயும் வியாழனும் 8 ஆகட்டும், அதுக்கப்புறம் ஞாயிறை வாரம் ஒரு கி.மீ. ஏத்துங்க. ஒவ்வொரு நாலாவது வாரமும் எல்லாத்தையும் கால்வாசி குறைங்க. டிசம்பர் நடுவுல ஒரே ஒரு தடவை 18 அல்லது 19 போதும், அதுக்கு மேல பயிற்சியில தேவையில்ல.

கடற்கரைச்சாலை

மேலே சொன்னது சரி, ஆனா முட்டி வலியோட 12 கி.மீ. வேண்டாம். நீங்க சொல்ற அறிகுறி இடுப்பிலிருந்து முட்டிக்கு வெளிப்பக்கமா இறங்குற ஐடி பேண்ட்ங்கிற நார்ப்பட்டையோட உராய்வு மாதிரிதான் இருக்கு. ஒரே தூரத்துல தொடங்குறது, படி இறங்கும்போது வர்றது ரெண்டும் அதோட அடையாளம்.

ரூட்டுக்கும் இதுல பங்கு இருக்கு. மழைத்தண்ணி வடியறதுக்காக ரோட்டை நடுவுல மேடாவும் ஓரத்துல சரிவாவும் போடுறாங்க. வண்டியை எதிர்த்து வலது ஓரத்துல ஓடினா வலது கால் எப்பவும் பள்ளத்துல விழுது. திரும்பி வரும்போதும் நீங்க வலது ஓரம்தான், ஆக 16 கி.மீ.யும் அதே காலுக்கு அடி. வண்டியை எதிர்த்து ஓடுறது பாதுகாப்புக்குச் சரியான பழக்கம், அதை விடாதீங்க. சரிவில்லாத இடத்துக்கு ஓட்டத்தை மாத்துங்க.

மெரினாவுக்கு வண்டியில போயிடுங்க. கலங்கரை விளக்கத்துலேர்ந்து நேப்பியர் பாலம் பக்கம் வரைக்கும் ஏறத்தாழ மூணரை கி.மீ. மணல் பக்கத்து உட்சாலையும் அகல நடைபாதையும் காமராஜர் சாலை ஓரத்தை விட ரொம்பச் சமதளம். போகும்போதும் வரும்போதும் அதே பட்டையில ஓடினா, கொஞ்சம் சரிவு இருந்தாலும் ரெண்டு காலுக்கும் பங்கு பிரிஞ்சிடும். ஒரு சுற்று 7 கி.மீ., வண்டியில பாட்டில் வச்சா ஒவ்வொரு சுற்றுக்கும் தண்ணி. முக்கியமா, வலி வந்தா வண்டி கிட்டவே நிறுத்திடலாம். பெசன்ட் நகர்லேர்ந்து போனா திரும்பி வர வேற வழியில்லாம வலியோடவே ஓடுவீங்க. சாந்தோம் பக்கம் லூப் ரோட்டை எடுக்காதீங்க, விடிகாலையில மீன் வியாபாரக் கூட்டமும் ஈரத் தரையும். அடையாறுலயும் கலங்கரை விளக்கம் பக்கமும் மெட்ரோ தடுப்புகளால நடைபாதை அங்கங்க அறுந்து கிடக்கு.

முதல் ரெண்டு வாரம் எந்த ஓட்டமும் 7 கி.மீ. தாண்ட வேணாம், அதாவது வலி தொடங்குறதுக்கு முன்னாடியே நிறுத்தணும். கூடவே வாரம் மூணு நாள்: ஒருக்களிச்சுப் படுத்து மேல் காலை நேரா, கொஞ்சம் பின்பக்கமா வச்சுத் தூக்குறது, மல்லாந்து படுத்து ஒத்தைக் காலை ஊன்றி இடுப்பைத் தூக்குறது, ஒரு படியிலேர்ந்து மெதுவா ஒத்தைக் கால்ல இறங்குறது. ஒவ்வொண்ணும் 12 தடவை, 3 சுற்று. இறங்கும்போது முட்டி உள்பக்கமா மடங்குதான்னு கண்ணாடியில பாருங்க, மடங்கினா படியோட உயரத்தைக் குறைங்க. காலடியைச் சின்னதாக்கி நிமிஷத்துக்கு 5 சதவீதம் அதிகமா எடுத்து வச்சாலும் சுமை குறையும். ஃபோம் ரோலர் (தசையை உருட்டித் தேய்க்கிற உருளை) தற்காலிக நிம்மதிதான் தரும். வீக்கம், முட்டி பூட்டிக்கிறது, ராத்திரி வலி இருந்தா ஓட்டத்தை நிறுத்திட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்க.

உப்புக்காற்று

வெயிலைப் பற்றி யாரும் சொல்லவில்லை. செப்டம்பரில் சூரியன் 6 மணியை ஒட்டி எழுகிறது. 5:45க்குக் கிளம்பினால் நீங்கள் தளரும் 12வது கி.மீ. முழு வெயிலில் வருகிறது. 4:45க்குத் தொடங்குங்கள். விடிகாலையிலும் காற்றில் ஈரம் உச்சத்தில்தான் இருக்கும். வியர்வை ஆவியாகாமல் சொட்டும், உடம்பு குளிராது, தோலைக் குளிர்விக்க ரத்தம் அந்தப் பக்கம் போக அதே வேகத்துக்கு இதயத்துடிப்பு ஏறும். ஆனால் வெயில் சூடாவது இருக்காது.

எவ்வளவு வியர்க்கிறது என்று அளந்துவிடுங்கள். ஓடுவதற்கு முன் சிறுநீர் கழித்துவிட்டு எடை பாருங்கள். முடித்ததும் துடைத்துக்கொண்டு, ஈரத்துணி இல்லாமல் மறுபடி பாருங்கள். எடை 1.2 கிலோ குறைந்து, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால் வியர்வை 1.7 லிட்டர். அதில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்குவரை வழியில் குடித்தால் போதும். எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள். அதனால் ரத்தத்தில் சோடியம் (உப்பில் உள்ள சத்து) இறங்கினால் உயிருக்கே ஆபத்து.

இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் சொற்பம். வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். உலக சுகாதார நிறுவன அளவில் உள்ள ஓ.ஆர்.எஸ். பாக்கெட் 20.5 கிராம், ஒரு லிட்டருக்கு. அதில் சமையல் உப்பு மட்டும் 2.6 கிராம். அதை அரை லிட்டரில் கலக்காதீர்கள், வயிறு கலங்கும். ஒன்றரை மணி நேரம் தாண்டும் ஓட்டத்தில் 40வது நிமிடத்திலிருந்து மாவுச்சத்தும் வேண்டும், மணிக்கு 30 கிராமாவது. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம். கடலை மிட்டாய் ஓட்டத்தின் நடுவில் வேண்டாம், கொழுப்பு செரிக்க நேரமாகும்.

அடையாறுக்கரை

மெரினா சுற்றும் 4:45ம் இந்த ஞாயிறே. ரெண்டு சந்தேகம். வியாழன் 6 கி.மீ.யும் மெதுவாத்தானா? வடகிழக்குப் பருவமழை வந்தா என்ன செய்யுறது?

மெதுவோட்டம்

முட்டி வலி இல்லாம ரெண்டு வாரம் போகட்டும். அப்புறம் வியாழன் மட்டும்: 2 கி.மீ. மெதுவா, 6:15 வேகத்துல 8 நிமிஷம், 2 நிமிஷம் மெல்லோட்டம், திரும்ப 8 நிமிஷம், கடைசியா மெதுவா. ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கிற வேகம்தான் இதுக்குச் சரி, உங்க 10 கி.மீ. வேகம் கிட்டத்தட்ட அதுவே. புழுக்கம் அதிகமா இருக்கிற நாள்ல 6:30க்கு இறக்கிக்கோங்க.

கடற்கரைச்சாலை

மழையில ஓடலாம், தேங்கின தண்ணியில ஓடக்கூடாது. மூடி போன பாதாளச்சாக்கடை தெரியாது, மின்கசிவு இருந்தாலும் தெரியாது. இடி இடிச்சா கடற்கரைப் பக்கமே போகாதீங்க. அந்த மாதிரி நாள்ல 12 மாடிக்குக் குறையாத கட்டடத்துல படி ஏறுங்க, ஆனா இறங்குறது லிஃப்ட்ல, உங்க முட்டிக்காக. நனைஞ்ச ஷூவுக்குள்ள உட்தகட்டை எடுத்துட்டுப் பழைய பேப்பரைத் திணிச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை மாத்துங்க, ஃபேன் காத்துல வைங்க. வெயில்ல காயப்போட்டா ஒட்டுப்பசை விட்டுடும். ஈரக் காலுறையில கொப்புளம் சீக்கிரம் வரும், விரல் இடுக்குல வாஸ்லின் தடவிட்டுக் கிளம்புங்க.