தப்பான ஃபார்வர்டை அழித்துவிட்டால் போதுமா?

கேள்வி:
குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் பிள்ளை பிடிப்பவர்கள் வீடியோ போட்டார். நாலைந்து பேர் அதை வேறு குழுக்களுக்கும் அனுப்பிவிட்டார்கள். பைக்கில் வரும் இருவர் சிறுவனைத் தூக்கிப் போகும் வீடியோ. பொய் என்கிறார்கள். அழித்தால் போதுமா?

பதில் 1:
போதாது. ‘அனைவருக்கும் நீக்கு’ ஏறக்குறைய 2 நாள்தான் வேலை செய்யும். அப்படி அழித்தாலும் உங்கள் குழுவில் மட்டுமே போகும்; மற்றவர்கள் அனுப்பிய நகல்கள் அங்கங்கே அப்படியே இருக்கும். அதனால் மறுப்பும் அதே வழியில் போக வேண்டும். முதலில் போட்டவரே எழுதட்டும்: “காலையில் நான் அனுப்பிய பைக் வீடியோ கடத்தல் இல்லை, கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கு இதையும் அனுப்புங்கள்.” பொய் வீடியோவின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டுத் திரும்ப அனுப்ப வேண்டாம். குறியை வெட்டிவிட்டு மறுபடி சுற்றுக்கு விடுவார்கள்.

பதில் 2:
அது 2016இல் கராச்சி தொண்டு நிறுவனம் ஒன்று எடுத்தது. கடைசியில் சிறுவனைத் திரும்ப இறக்கிவிட்டு, அட்டை ஒன்றைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள், அவ்வளவுதான் மோசடி.

சரிபார்க்க, கடைப் பலகையோ வண்டி எண்ணோ தெரியும் இடங்களில் வீடியோவை நிறுத்தி மூன்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தை வைத்து இணையத்தில் தேடும் கூகுள் லென்ஸில் போடுங்கள். ஒரே படத்தோடு விட்டால் பல நேரம் சிக்காது. வாட்ஸ்அப் செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் குறைந்தது ஐந்து முறை கைமாறி வந்தது என்று பொருள். ஆனால் கேலரியில் சேமித்துப் புதிதாக அனுப்பினால் அந்தக் குறி போய்விடும். குறி இல்லை என்பதற்காக நம்பாதீர்கள்.

கேட்டவர்:
குரல் பதிவாக வந்தால்?

பதில் 2:
லென்ஸ் உதவாது. எந்த ஊர், எந்தத் தேதி, எந்தக் காவல் நிலையம் என்று பதிவில் சொல்கிறார்களா? மூன்றில் ஒன்றும் இல்லையென்றால் அங்கேயே நிறுத்துங்கள். நிலையத்தின் பெயர் இருந்தால் அங்கேயே போன் செய்து கேளுங்கள்.

பதில் 3:
இதைச் சின்ன விஷயமாக எடுக்காதீர்கள். இப்படி வதந்தி பரவியிருந்த 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூர் அருகே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த 65 வயது அம்மாவை அடித்தே கொன்றார்கள். உறவினர்களோடு குலதெய்வம் கோயிலுக்கு வந்தவர் அவர்.

சட்டத்தில், இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆம் பிரிவைப் பாருங்கள். அச்சம் கிளப்பும் பொய்த் தகவலுக்கு 3 ஆண்டு வரை சிறை. உண்மை என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, நல்லெண்ணத்தோடு பகிர்ந்திருந்தால் விலக்கு உண்டு. “சித்தப்பா அனுப்பினார்” என்பது மட்டும் அந்தக் காரணமாக நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.