கேக் மிக்ஸில் நாம் உடைத்து ஊற்றும் முட்டைக்கு என்ன அர்த்தம்?

கொலம்பஸ் மீனாட்சி:

வணக்கம். எனக்கு 43 வயது. பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் இங்கே ஒகாயோவில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறேன். ஆங்கிலக் கட்டுரை வகுப்பில் இந்த வாரம் ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு கடைச் சாமானை எடுத்து, அதன் படம், நிறம், எழுத்து எல்லாம் சொல்லாமல் சொல்லும் சேதி என்ன என்று நான்கு பக்கம் எழுத வேண்டும்.

நான் எடுத்தது பெட்டி க்ராக்கர் என்ற பிராண்டின் மஞ்சள் கேக் மிக்ஸ், அதாவது கேக்குக்கான தயார் மாவு. (பெட்டியின் பெயரே பெட்டி. இந்த வேடிக்கை நம் மொழிக்காரர்களுக்கு மட்டும்தான் கிடைக்கும்.)

தேடியதில் ஒரு கதை கிடைத்தது. 1950களில் கேக் மிக்ஸ் விற்பனை படுத்துவிட்டதாம். எர்னஸ்ட் டிக்டர் என்ற உளவியல் நிபுணரைக் கேட்டார்களாம். தண்ணீர் ஊற்றினாலே கேக் என்றால் இல்லத்தரசிக்குக் குற்ற உணர்ச்சி வருகிறது, முட்டையையாவது அவளே உடைத்து ஊற்றட்டும் என்றாராம். உடனே விற்பனை எகிறியதாம். முட்டை தாய்மையின் குறியீடு என்றும் போட்டிருந்தார்கள். படிக்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் என் கணவர், "முட்டை போட்டால் கேக் உப்பும், இதில் என்ன குறியீடு?" என்கிறார். எதை நம்பி எழுதுவது?

சும்மா வந்தவன்:

முட்டைக் கதையையே எழுதுங்கள் அக்கா. பேராசிரியர்களுக்கு அந்த மாதிரி விஷயம்தான் பிடிக்கும். உங்கள் கணவரிடம் கட்டுரையைக் காட்டாதீர்கள்.

இரவு ஷிஃப்ட்:

மீனாட்சி அக்கா, நான் ஆறு வருடம் ஒரு சூப்பர்மார்க்கெட்டில் இரவில் அலமாரி நிரப்பியவன். பேக்கிங் சாமான்கள் இருந்த வரிசை என் பொறுப்பு. அந்தப் பெட்டிகளைக் கனவில்கூட அடுக்கியிருக்கிறேன்.

முதலில் முட்டைக் கதை. டிக்டர் வியன்னாக்காரர். அமெரிக்காவுக்கு வந்ததே 1938-ல்தான். பிட்ஸ்பர்கில் பி. டஃப் அண்ட் சன்ஸ் என்ற கம்பெனி 1930களிலேயே கேக் மாவுக்குக் காப்புரிமை வாங்கியது. முதலில் முட்டைப் பொடியையும் கலந்தே கொடுத்தார்கள். அப்புறம், பெண்களுக்குப் புது முட்டைதான் பிடிக்கிறது என்று பொடியை எடுத்துவிட்டு, முட்டையை வாங்குகிறவர் தலையில் கட்டினார்கள். ஆக, டிக்டர் வாயைத் திறப்பதற்கு முன்பே முட்டை வந்துவிட்டது. புது முட்டை போட்ட கேக் பதமாகவும் வரும், அந்த வகையில் அண்ணன் சொல்வதும் சரி. அதற்காகக் கதையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெண்ணின் குற்ற உணர்ச்சியை வைத்து மாவு விற்றார்கள் என்பதை இத்தனை பேர் இத்தனை வருடமாக ஏன் ஆசையாகச் சொல்கிறார்கள்? எனக்கு முட்டையைவிட அதுதான் பெரிய குறியீடு.

அடுத்தது பெட்டி க்ராக்கர் அம்மாள். அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை. மினியாபோலிஸில் வாஷ்பர்ன் க்ராஸ்பி என்ற மாவு மில் 1921-ல் ஒரு புதிர்ப் போட்டி வைத்தது. பதிலோடு சமையல் சந்தேகங்களும் கடிதம் கடிதமாக வந்து குவிந்தன. கம்பெனியில் இருந்த ஆண்கள் கையெழுத்துப் போட்டு ரொட்டிக்கு யோசனை சொன்னால் யார் நம்புவார்கள்? ஓய்வு பெற்ற ஓர் இயக்குநரின் குடும்பப் பெயர் க்ராக்கர். அதன் முன்னால் பெட்டி என்று பாந்தமாக ஒரு பெயரைச் சேர்த்தார்கள். கையெழுத்துக்கு ஊழியப் பெண்களிடையே ஒரு போட்டி வைத்துத் தேர்ந்தெடுத்தார்கள். முகம் 1936-ல்தான் வந்தது. அதற்கப்புறம் பலமுறை வரைந்தார்கள், தலைமுடியும் உடையும் காலத்துக்கேற்ப மாறின. 1996-ல் வந்த முகம் 75 பெண்களின் படங்களைக் கலந்து செய்தது. இப்போது உங்கள் கையில் இருக்கும் பெட்டியில் முகம் இருக்கிறதா, பாருங்கள். சிவப்புக் கரண்டி மட்டும் இருக்கும். அந்தக் கரண்டி 1954-லிருந்து வருகிறது. முகம் என்றால் வயதாகும், நிறம் இருக்கும், இது யார் வீட்டுப் பெண் என்று ஒருவர் கேட்பார். கரண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

இனி அலமாரி. பிளானோகிராம் என்று ஒரு தாள் வரும். எந்தத் தட்டில் எது, முன்வரிசையில் எத்தனை பெட்டி என்று எல்லாம் அதில் இருக்கும், நம் இஷ்டத்துக்கு ஒரு பெட்டியையும் நகர்த்த முடியாது. பெட்டியின் முன்பக்கம் சாக்லெட் ஃப்ராஸ்டிங் பூசிய கேக் துண்டு இருக்கிறது அல்லவா? அந்த ஃப்ராஸ்டிங் உள்ளே கிடையாது, தனி டப்பா. எங்கள் கடையில் சரியாக அதற்கு மேல் தட்டில் நிற்கும். படம் ஓர் ஆசையைக் கிளப்பும், கை ஒரு சாண் மேலே போகும். நவம்பர் வந்துவிட்டால் இரண்டையும் சேர்த்து எண்ட்கேப்புக்கு, அதாவது வரிசையின் கோடியில் இருக்கும் அலமாரிக்கு, கொண்டுபோவோம்.

கடைசியாக, பெட்டி சொல்லாமல் விட்டதைப் படியுங்கள். கேக் மிக்ஸ் பெட்டிகள் முன்பு 18.25 அவுன்ஸ். பிறகு 15.25 ஆயிற்று. உங்களுடையதில் என்ன போட்டிருக்கிறது?

திருத்துகிறவள்:

நான் ஒரு பல்கலைக்கழகத்தில் இதே மாதிரி கட்டுரைகளைத் திருத்துகிறேன். தோழர் சொன்ன கடைசி விஷயத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள். மாணவர்கள் பெரும்பாலும் சிவப்பு என்றால் ஆசை, நீலம் என்றால் நம்பிக்கை என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள். யாரும் சரிபார்க்க முடியாது, எனக்கும் தூக்கம் வரும். போன பருவத்தில் ஒரு பையன் கோழிக்கறி அட்டையைக் கொண்டுவந்தான். முன்பக்கம் பெரிய எழுத்தில் ஹார்மோன் சேர்க்கவில்லை என்று இருந்தது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. அதைத் தேடிப் போனால் பொடி எழுத்தில், கோழிக்கு ஹார்மோன் கொடுப்பதையே மத்திய அரசின் விதிகள் தடை செய்கின்றன என்று. எந்தக் கோழிக்கும் கொடுக்கக் கூடாதாம், இது மட்டும் பெருமை பேசுகிறது! அந்தப் பொடி எழுத்தைப் போட வைத்ததும் விதிதான். அவனுக்கு நான் ஏ போட்டேன்.

கொலம்பஸ் மீனாட்சி:

எல்லோருக்கும் நன்றி. பெட்டியை எடுத்துப் பார்த்தேன். 13.25 அவுன்ஸ். முகம் இல்லை, கரண்டிதான்.

இப்போதுதான் ஒன்று புரிகிறது. எங்கள் பக்கத்து வீட்டு அமெரிக்கப் பாட்டி எனக்கு ஒரு பண்ட் கேக் (நடுவில் ஓட்டை உள்ள அச்சில் சுடுவது) செய்முறை எழுதிக் கொடுத்திருந்தார். அட்டை மஞ்சளேறிப் போயிருக்கிறது, முதல் வரி "மஞ்சள் கேக் மிக்ஸ், 1 பெட்டி". இரண்டு முறை செய்தேன், இரண்டு முறையும் அச்சில் பாதி உயரம்தான் வந்தது. எனக்குத்தான் கைப்பழக்கம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று மாலை போய்க் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, ஆறு கரண்டி மைதா கூடப் போடு, நான் ரொம்ப நாளாக அப்படித்தான் செய்கிறேன் என்றார். அட்டையில் மட்டும் திருத்தவே இல்லை.

பெட்டியின் பின்பக்கம் மூன்று முட்டை என்று இருக்கிறது. பாட்டியின் அட்டையிலும் மூன்றுதான். அவர்கள் போடும் மாவு குறைந்திருக்கிறது, நான் போடும் முட்டை குறையவில்லை. கட்டுரையை அங்கிருந்து தொடங்கப் போகிறேன்.

சும்மா வந்தவன்:

இதைக் கணவரிடம் காட்டலாம் அக்கா.