நிறைச் சமநிலையா, எடைப் பற்றுவரவா?

வணக்கம்ங்க.

சான்று பெற்ற பருத்தியை மற்றதோடு கலந்துவிட்டு, எடைக் கணக்கை மட்டும் தனியாக வைக்கும் முறைக்கு ‘மாஸ் பேலன்ஸ்’ என்று பெயர். நம் சொற்பட்டியலில் அதற்கு அண்ணன் ‘நிறைச் சமநிலை’ என்று எழுதியிருந்தார்கள். வேதியியல் பாடத்துக்குச் சரி, பருத்திச் சான்றுக்கு ஒத்துவராது. ‘நிறை, குறை’ என்றே கேட்டுப் பழகிய காதில் அது பாராட்டாக விழும்.

பல்லடம் பக்கம் ஒரு நூற்பாலையில் பஞ்சுக் குடோன் கணக்குப் பார்க்கிறேன். பெட்டர் காட்டன் என்பது பருத்தி விளைவிக்கும் முறைக்குச் சான்று தரும் பன்னாட்டுத் திட்டம். அந்தத் திட்டத்து விவசாயியின் பருத்தியை ஜின்னிங் (கொட்டை நீக்குவது) வரைக்கும் தனியாக வைக்க வேண்டும். அதைத் தாண்டினால் மற்றப் பஞ்சோடு கலக்கலாம். கிலோவுக்கு ஓர் அலகு என்று கணக்கு மட்டும் கைமாறும். குஜராத்திலிருந்து 100 பேல் (பஞ்சுப் பொதி) வருகிறது, அதில் 30 பேலுக்குத்தான் அலகு உண்டு என்று வையுங்கள். பேல் 170 கிலோ என்றால் 5,100 அலகு. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோ ரூமில் நூறு பேலையும் கலந்துதான் ஓட்டுகிறோம். எந்த நூல் கோனில் யார் காட்டுப் பஞ்சு என்று கடவுளுக்கும் தெரியாது. ஆனால் அலகு தீர்ந்தபிறகு அந்தப் பெயரைச் சொல்லி நூல் விற்க முடியாது. ஏமாற்று இல்லை, முறையே அதுதான்.

பால் சொசைட்டி மாதிரி. ஊர்ப் பால் முழுக்க ஒரே கேனில் விழுகிறது, சிட்டையில் மட்டும் ஆளுக்கு ஆள் தனி.

ஆகவே ‘எடைப் பற்றுவரவு’ என்று வைக்கலாமா? கலக்காமல் வருவதற்குத் ‘தனிச்சரக்கு’. 2023 கடைசியில் அந்தத் திட்டமே பஞ்சு வந்த நாட்டைத் தடம் பிடிக்கும் வழியையும் கொண்டுவந்துவிட்டது. இரண்டையும் பிரித்துச் சொல்ல நமக்கு இரண்டு சொல் வேண்டும்.

மறுமொழி:

தம்பி, ‘பற்று’ என்றதும் மளிகைக்கடைப் பாக்கிதான் ஞாபகம் வருகிறது. ஆனாலும் கணக்கு என்பது உடனே புரிகிறது, அதனால் எனக்குச் சம்மதம். என் குறை வேறு. ‘சான்று பெற்ற நூல்’ என்று எல்லாரும் எழுதுகிறோமே, அது தப்பு. அந்தச் சான்று பேசுவது பருத்திக்காட்டு வேலையைப் பற்றி. மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாகப் பணம் என்று சொல்லிப் பெண்பிள்ளைகளைச் சேர்த்த சுமங்கலித் திட்டம் நம் மில்களில்தானே நடந்தது? பருத்திச் சான்று மில் வாசலோடு நின்றுவிடும். படிப்பவர் நூலுக்கும் சேர்த்தே நற்பெயர் என்று நினைத்துக்கொள்வார். ‘சான்றுக் கணக்குள்ள நூல்’ என்று எழுதுங்கள்.

மறுமொழி:

சரிங்க அக்கா, மாற்றிக்கொள்கிறேன். ‘ஸ்மால்ஹோல்டர்’ என்பதைச் ‘சிறு விவசாயி’ என்று போட்டதிலும் எனக்கு உறுத்தல். அந்தத் திட்டத்தில் பொதுவாக 20 ஹெக்டேர் வரை அந்தப் பிரிவுதான். நிரந்தரக் கூலியாளை நம்பியிருக்கக் கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. 20 ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய 50 ஏக்கர். அவ்வளவு பூமி இருந்தால் நம் பக்கம் பண்ணாடி, அதாவது பெரிய பண்ணைக்காரர் என்போம்! ‘குடும்ப உழைப்பு விவசாயி’ நீளம்தான், ஆனால் ஏக்கரை விட்டுவிட்டு யார் உழைக்கிறார் என்பதைச் சொல்கிறது. இதைவிடக் குட்டையாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். பட்டியலில் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.