பழுதான பழுதறிவடம்: ஒரு கலைச்சொல் விவாதம்

பயிற்றுநர்:
அன்பர்களுக்கு வணக்கம். தொழிற்பயிற்சி நிலையத்து மோட்டார் வாகனப் பிரிவுக்கான செய்முறைத் தாளைத் திங்கட்கிழமை அச்சுக்குத் தர வேண்டும். காரின் பழுதுகளைக் கணினியில் படித்தறிய, ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள 16 முனைச் செருகுவாயை மடிக்கணினியின் யு.எஸ்.பி. துளையோடு இணைக்கும் கேபிளைப் 'பழுதறிவடம்' என்று எழுதிவைத்திருக்கிறேன். அது கெட்டால் சரிசெய்வதுதான் பாடம் என்பதால், தலைப்பு 'பழுதான பழுதறிவடத்தின் பழுதுநீக்கம்' என்று வந்து நிற்கிறது.

தமிழாசிரியர் (ஓய்வு):
'பழுதறிவடம்' என்பதில் 'அறிவடம்' வினைத்தொகை, முக்காலமும் அதில் கரந்து நிற்பதால் கெட்ட வடத்துக்கும் அப்பெயர் பொருந்தும், நேற்றுவரை அறிந்த வடந்தானே அது. ஆயினும் 948ஆம் குறள் நோயையும் நோய்முதலையும் 'நாடி' என்றே சொல்வதாலும், மருத்துவர் பிடித்துப் பார்ப்பதும் நாடியே என்பதாலும், 'நாடுவடம்' என்பதே என் பரிந்துரை.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, குறளில் வருவது 'நாடு' என்னும் வினையின் எச்சம். கையில் பிடிக்கும் நாடி வடசொல். இரண்டையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டாம்.

பட்டறைக்காரர்:
எங்களுக்கு அது 'ஸ்கேனர் கேபிள்'. 'நாடுவடம் எடு' என்றால் பையன் காரை இழுக்கும் கயிற்றைக் கொண்டுவருவான். அதைவிட, 'வடம்' என்ற சொல்லே மாணவரைத் தவறான இடத்துக்கு அனுப்பும் என்பதுதான் என் கவலை. பழைய வகைக் கேபிளில், காரின் கணினி பேசும் 7ஆம் முனையின் 12 வோல்ட் குறிகையை (சிக்னலை) யு.எஸ்.பி.க்கு ஏற்ப மாற்றும் சிப் செருகிக்குள் இருக்கிறது. வடம் என்று படித்தவன் மல்டிமீட்டரால் கம்பித் தொடர்ச்சியை மட்டும் பார்த்து 'நன்று' என்று எழுதிவிடுவான். நானே அப்படி எழுதி, காரின் கணினிமேல் பழிபோட்டு ஒரு நாளை வீணாக்கியிருக்கிறேன். முதலில் செருகுவாயில் 16ஆம் முனைக்கும் 4ஆம் முனைக்கும் இடையே பேட்டரி மின்னழுத்தம் வருகிறதா என்று பார்க்க வேண்டும், வராவிட்டால் ஃபியூஸ். பிறகு காரில் செருகாமல் மடிக்கணினியில் மட்டும் செருக வேண்டும்; கணினித் திரையில் போர்ட் தோன்றாவிட்டால் பழுது டிரைவர் மென்பொருளிலோ யு.எஸ்.பி. பக்கத்திலோ இருக்கிறது. தோன்றியும் காரோடு பேசாவிட்டால், கேபிள் மடங்கும் கழுத்தையும் 7ஆம் முனைப் பற்றவைப்பையும் பார்த்த பிறகே சிப்பைச் சந்தேகிக்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்:
அப்படியானால், 'இன்டர்ஃபேஸ்' என்பதற்கான சொல்லைக் கொண்டு 'பழுதறி இடைமுகம்' எனலாம்.

தமிழாசிரியர் (ஓய்வு):
முகம் எங்கே இருக்கிறது? சொல்லுக்குச் சொல் பெயர்த்ததன் விளைவு இது. மாற்றுகிறது என்றால் 'மாற்றுவடம்' என்று சொல்லுங்கள்.

பட்டறைக்காரர்:
'மாற்றுவடம்' என்றால் ஸ்பேர் கேபிளைத் தேடுவார்கள் ஐயா.

பயிற்றுநர்:
நாள் நெருங்கிவிட்டது. 'பழுதறிவடத்தைச் செப்பனிடுதல்' என்று தலைப்பிட்டு, முதல் வரியில் 'ஸ்கேனர் கேபிள்' என்பதையும் சேர்த்து, சிப் தெரியும்படி செருகியைத் திறந்து படம் வரைகிறேன்.

தமிழாசிரியர் (ஓய்வு):
என் மறுப்பு பதிவாகட்டும். 'சிப்' என்பதையாவது 'சில்லு' என்று திருத்துங்கள்.

யாழ்ப்பாண அன்பர்:
எங்கள் ஊரில் சில்லு என்றால் சக்கரம். கார்ப் பாடத்தில் 'சில்லு கருகிவிட்டது' என்று எழுதினால், எங்கள் பிள்ளைகள் டயரைத்தான் போய்ப் பார்ப்பார்கள்.