சீனாவில் பணி மாற்றம்: விலகல் சான்றிதழ் பெறுவது எப்படி?

அனைவருக்கும் வணக்கம். கனடியக் குடியுரிமை பெற்ற நான், செங்டு நகரிலுள்ள தனியார் மொழிப் பயிற்சி மையம் ஒன்றில் இரண்டு ஆண்டுகளாகச் சிறுவர்களுக்கு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். மாணவர்களின் வீட்டுப்பாடச் சுமையையும் தனிப்பயிற்சிச் சுமையையும் குறைக்கச் சீன அரசு 2021 ஜூலையில் கொண்டுவந்த ‘இரட்டைக் குறைப்பு’ கொள்கை, பள்ளிப் பாடங்களுக்கான வார இறுதித் தனிப்பயிற்சியைத் தடை செய்திருப்பதால், எங்கள் வகுப்பறைக் கதவில் ‘நாடகம்’ என்ற பலகை தொங்குகிறது. உள்ளே அதே ஆப்பிள் பட அட்டைகள்தாம். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் ஒப்பந்தம் முடியும் நிலையில், மேலும் ஓராண்டுக்குக் கையெழுத்திட்டால்தான் சம்பள பாக்கி கிடைக்கும் என்கிறார்கள். வேலையிலிருந்து விலகியதை உறுதிப்படுத்தும் விலகல் சான்றிதழையும் தர மறுக்கிறார்கள். அது இல்லாமல் பணி அனுமதியைப் புதிய பள்ளிக்கு மாற்ற இயலாது. வசிப்பு அனுமதியும் அதனோடு பிணைந்தது. 2008 முதல் நடப்பிலுள்ள தொழிலாளர் ஒப்பந்தச் சட்டத்தின் 50ஆம் பிரிவு சான்றிதழ் வழங்குவதைக் கட்டாயமாக்குகிறது என்பதை எடுத்துக்காட்டியும் பயனில்லை. கட்டணமில்லாத் தொழிலாளர் நடுவர் மன்றத்தை அணுகியவர்கள் இருந்தால், எத்தனை நாள் ஆயிற்று, எந்தெந்த ஆவணங்களைக் கேட்டார்கள் என்பதைத் தயவுசெய்து தெரிவியுங்கள்.