வெக்கை படித்துவிட்டு அசுரன் பார்த்தோம்: மகன் கேட்டதற்கு என்ன பதில் சொல்வது?

அம்பத்தூர் வாசகி:

வணக்கம். பாரிமுனையில் ஒரு ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். காலை பீச் ஸ்டேஷன் போகிற மின்சார ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் வியாசர்பாடி வருவதற்குள் இருபது பக்கம் ஓடிவிடும். பூமணியின் 'வெக்கை' நாவலை அப்படித்தான் படித்து முடித்தேன். வீட்டில் மேசைமேல் வைத்த புத்தகத்தைப் பத்தாவது படிக்கிற என் மகன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பாடப் புத்தகம் தவிர அவன் தானாக ஒன்றை எடுத்துப் படித்து நான் பார்த்ததே இல்லை.

நாவலில் வருகிற சிதம்பரத்துக்கும் இவன் வயசுதான், பதினைந்து. அண்ணனைக் கொல்லச் செய்தவனின் கையை மட்டும் வெட்டிவிடலாம் என்று போகிறான், ஆளே செத்துப்போகிறான். அதோடு தொடங்குகிறது கதை. அப்புறம் அப்பாவும் மகனும் மலையும் காடுமாக ஒளிந்து திரிகிறார்கள், கிடைத்ததைத் தின்கிறார்கள், பேசிக்கொண்டே நடக்கிறார்கள், கடைசியில் கோர்ட்டுக்குப் போகிறார்கள். ராத்திரி பத்தரை மணிக்குச் சமையலறையில் லைட் எரிகிறதே என்று போய்ப் பார்த்தால், அடுப்புத் திட்டில் சாய்ந்து நின்றபடியே இவன் படித்துக்கொண்டிருக்கிறான். தட்டில் தோசை ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டு கிடந்தது.

போன ஞாயிறு மூன்று பேரும் உட்கார்ந்து, இந்த நாவலை வைத்து வெற்றிமாறன் எடுத்த 'அசுரன்' பார்த்தோம். 2019இல் நானும் வீட்டுக்காரரும் தியேட்டரில் பார்த்த படம்தான், அப்போது நாவல் படித்திருக்கவில்லை. மூத்த மகனைக் காப்பாற்ற அப்பா சிவசாமி வீடு வீடாகப் போய்க் காலில் விழுகிற இடம் வந்ததும் வீட்டுக்காரர் இந்த முறையும் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். மகன் அசையவில்லை. படம் முடிந்ததும் கேட்டான்: "அம்மா, இது அந்தப் பையனோட கதைதானே. எதுக்கு அப்பா கதையா மாத்திட்டாங்க?"

அன்றிலிருந்து அதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். நாவலில் அந்தப் பையனுக்குப் பசித்தால் நமக்கும் பசிக்கிறது, அவன் அம்மாவை நினைத்தால் நமக்கும் தொண்டை அடைக்கிறது. படத்தில் அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் நிற்கிறான், நாம் பார்ப்பது அப்பாவைத்தான். சாராயம் காய்ச்சும் இளவயது சிவசாமி, வெள்ளைக்காரன் காலத்தில் தலித் மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம், குடிசைகளோடு ஆட்கள் எரிவது, இந்தப் பழைய கதை நாவலில் இல்லை. வெற்றிமாறன் சேர்த்தது. அது தப்பு என்று சொல்ல மாட்டேன். ஒரு துண்டு நிலம் ஏன் அவர்களுக்கு உயிர் என்பது எனக்குப் படத்தில்தான் முழுசாக உறைத்தது. ஆனாலும் மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இரண்டும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். முழுப்பரீட்சை லீவில் அவனோடு சேர்ந்து படித்துவிட்டுப் பார்க்க வேறு எது சரியாக இருக்கும்? 'பொன்னியின் செல்வன்' ஆயிற்று. நாவலில் வருகிற மணிமேகலையைப் படத்தில் அடியோடு விட்டுவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மயிலை தாத்தா:

அம்மா, முதலில் உங்கள் பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். நின்றுகொண்டே படிக்கிற பிள்ளை நன்றாக வரும்.

'தில்லானா மோகனாம்பாள்' வாங்கிக் கொடுங்கள். கொத்தமங்கலம் சுப்பு விகடனில் தொடராக எழுதியதை என் அம்மா வாராவாரம் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, மைதாப் பசையில் அட்டை ஒட்டி வைத்திருந்தாள். ஓவியர் கோபுலு வரைந்த படம் வருகிற பக்கத்தை மட்டும் மடங்காமல் வைக்கச் சொல்வாள். பள்ளிக்கூட நாளில் அதைத்தான் படித்தேன். 1968இல் படம் வந்தபோது அம்மாவும் நானும் சேர்ந்து போனோம்.

நாதஸ்வரத்தைப் பற்றி எழுத்தில் எவ்வளவு அழகாகச் சொன்னாலும் காதில் விழாதே! படத்தில் விழுந்தது. வாசித்தது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜி கன்னம் உப்பிக் கழுத்து நரம்பு புடைக்க உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "இவரேதான் வாசிக்கிறாராடா?" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு நஷ்டம். சவடால் வைத்திக்குப் படிக்கும்போது என் மனசில் ஒரு முகம் இருந்தது. நாகேஷைப் பார்த்த நாளிலிருந்து அந்த முகம் திரும்ப வரவே இல்லை. அதனால் புத்தகத்தை முடிக்கும்வரை படத்தைக் கண்ணில் காட்டாதீர்கள்.

கரிசல்காரன், வடபழனி:

அக்கா, எனக்குச் சொந்த ஊர் கோவில்பட்டிப் பக்கம். வெக்கையில் வருகிற பேச்சு எங்கள் வீட்டுப் பேச்சு, அதனால் நாவல்தான் எனக்கு நெருக்கம்.

அப்பாவாக தனுஷ் நடித்ததால் கதை அப்பாவிடம் போய்விட்டது என்று தம்பியிடம் சொல்லிவிடாதீர்கள், அது பாதிப் பதில். நாவல் அந்தப் பையனுடைய மனசுக்குள் உட்கார்ந்துகொள்ளும். கேமரா வெளியில்தான் நிற்க முடியும். பயந்துபோன பையன் காட்டுக்குள் பேசாமல் உட்கார்ந்திருப்பதை எவ்வளவு நேரம் காட்ட முடியும்? அடிபட்டு அடங்கிப்போன அப்பா ஒரு நொடியில் நிமிர்வதை முகத்திலேயே காட்டலாம். நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். பூமணிக்கும் சினிமா தெரியாத விஷயம் இல்லை, 'கருவேலம்பூக்கள்' படம் அவர் இயக்கியதுதான்.

அடுத்ததாகப் புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை' படியுங்கள், ஒரே மூச்சில் முடிந்துவிடும். அவர் எழுத்து நாட்டுடைமை ஆனது, இணையத்திலேயே கிடைக்கும். அப்புறம் அதை வைத்து மகேந்திரன் எடுத்த 'உதிரிப்பூக்கள்' பாருங்கள். நாவலின் சுந்தரவடிவேலு ஒரு பேராசிரியர், படத்தில் ஊரே வெறுக்கிற மனுஷன். ஒரு பொறியை மட்டும் எடுத்துக்கொண்டு வேறு விளக்கு ஏற்றியிருக்கிறார். கடைசி ஆற்றங்கரைக் காட்சியில் அந்த இரண்டு பிள்ளைகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெரம்பூர் மணி:

தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளை யாராவது சொல்வதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். இப்போது வேண்டாம், கல்லூரிக்குப் போனதும் அவனே தேடிப் படிக்கட்டும். ஆனால் அந்தப் படத்தில் பாட்டு வாத்தியார் ரங்கண்ணாவாக நெடுமுடி வேணு இருக்கிறாரே, நாவலிலிருந்து எழுந்து வந்தவர் மாதிரி. அதற்காகவே நான் மூன்று முறை பார்த்தேன்.

அம்பத்தூர் வாசகி:

எல்லோருக்கும் நன்றி. தாத்தா, உங்கள் அம்மா கையைப் பிடித்த இடத்தை வீட்டுக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். அவர் போனில் நாதஸ்வரம் போடச் சொல்லிவிட்டார்.

தம்பி கரிசல்காரன், நீங்கள் எழுதியதை மகனிடமே கொடுத்தேன். இரண்டு தரம் படித்துவிட்டு, "அப்போ அந்தப் பையன் மனசுல நினைச்சது புக்ல மட்டும்தான் இருக்கும், இல்ல?" என்றான். வெக்கையை நூலகத்தில் திருப்பிக் கொடுக்கவேண்டிய தேதி நேற்றோடு முடிந்தது. இன்னொரு தரம் படிக்கணும், புதுப்பித்துக் கொண்டுவா என்று சொல்லியிருக்கிறான். சிற்றன்னையை நான் பிரிண்ட் எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன், நாளைக் காலை வண்டியில் ஆரம்பிக்கிறேன்.